சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்: தூரம் எவ்வளவு, பறக்கும் நேரம் எவ்வளவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாங்கியிலிருந்து ஒரு நகரம் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால் விடை ஒன்றுதான். எத்தனை மணி நேரம் என்று கேட்டால் விமானம், மாதம், திசை, அன்றைய காற்று என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கும். நியூயார்க் பயணத்தை முன்வைத்துப் பதில் சொல்கிறோம். சென்னை, திருச்சி, லண்டன் போகிறவர்கள் கேட்பதற்கும் இங்கேயே பதில் இருக்கிறது.

சாங்கியிலிருந்து நியூயார்க் நேர்த்தூரம் எவ்வளவு?

ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கு ஏறக்குறைய 15,350 கிலோமீட்டர். பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியில் இருக்கும் நூவர்க் விமான நிலையத்துக்கும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். உருண்டையான பூமியின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் எந்த வழியில் விழுமோ, அந்த வழியின் நீளம் இது.

இந்த ஜோடி நகரங்களுக்கு மட்டும் மனக்கணக்காகவே விடை காணலாம். சாங்கி கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையில் இருக்கிறது, நியூயார்க் மேற்கு 74 பாகையில். கூட்டினால் 178. அதாவது பூமியின் ஏறத்தாழ நேர் எதிர்ப்பக்கங்கள். ஆகவே குறுக்குவழி வடதுருவத்தை ஒட்டித்தான் போகும். சாங்கி நிலநடுக்கோட்டுக்கு 1.36 பாகை வடக்கே இருப்பதால் அங்கிருந்து துருவத்துக்கு 88.64 பாகை. துருவத்திலிருந்து நியூயார்க்குக்கு (40.64 பாகை வடக்கு) இறங்க 49.36 பாகை. மொத்தம் 138. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. என்று பெருக்கினால் 15,346 வருகிறது. இணையக் கருவிகள் காட்டுவதும் இதைச் சுற்றித்தான்.

15,350-ஐ 900-ஆல் வகுத்தால் 17 மணி நேரம். டிக்கெட்டில் பதினெட்டரைக்கு மேல் போட்டிருக்கிறதே?

வகுத்தல் சரி. டிக்கெட்டில் இருக்கும் நேரம் வேறு கணக்கு. விமானம் வாயிற்கதவிலிருந்து பின்னோக்கித் தள்ளப்படும் நொடியில் தொடங்கி, போய்ச் சேர்ந்த இடத்தில் நின்று பிரேக் போடும் வரை உள்ள நேரம் அது. பிளாக் டைம் என்பார்கள். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, புறப்பட வரிசையில் நிற்பது, இறங்கிய பின் முனையம் வரை ஊர்வது எல்லாம் அதில் சேர்த்தி. கென்னடி விமான நிலையத்தில் மாலை நெரிசலில் ஓடுபாதைக்கு முன்னால் அரை மணி நேரம் வரிசையில் நிற்பது சாதாரணம். சாங்கியில் அந்தத் தொல்லை குறைவு.

அடுத்தது வேகம். ஏர்பஸ் ஏ350, போயிங் 787 இரண்டும் நிலைப்பறப்பில் ஒலியின் வேகத்தில் 0.85 பங்கில் போகின்றன. 11 கி.மீ. உயரத்தில் உறையும் குளிரில் அது மணிக்கு ஏறக்குறைய 900 கி.மீ. ஆனால் மேலேறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் கிடையாது. நேர்க்கோட்டிலும் யாரும் பறப்பதில்லை.

இவ்வளவுக்கும் மேலே, விமான நிறுவனங்கள் கொஞ்சம் நேரத்தைக் கையிருப்பாகவும் சேர்த்துப் போடும். அட்டவணை நேரத்துக்குப் பிறகு 15 நிமிடத்துக்குள் வந்தால் 'சரியான நேரம்' என்று கணக்கு வைப்பது துறை வழக்கம். அந்தப் பெயர் கெடாமல் இருக்க இந்தக் கையிருப்பு உதவும். 'அரை மணி முன்கூட்டியே வந்துவிட்டோம்' என்று விமானி அறிவிக்கும்போது அசாதாரணமாக ஒன்றும் நடந்திருக்காது, பெரும்பாலும் கையிருப்பு செலவாகாமல் மிஞ்சியிருக்கும்.

சில இடங்களில் 16,700 கி.மீ. என்று போட்டிருக்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. 15,350 என்பது பூமியின் மேல் அளந்த குறுந்தூரம். 16,700 என்பது பசிபிக் கடல் வழியாக உண்மையில் பறக்கும் பாதையின் நீளம். 2018 அக்டோபர் 11 அன்று நூவர்க் இடைநில்லாச் சேவையைத் தொடங்கியபோது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சொன்ன எண்ணும் அதுதான்.

குறுக்குவழி தாய்லாந்தின் கிழக்குப் பகுதி, சீனா, மங்கோலியா, சைபீரியா என்று நேர் வடக்கே ஏறித் துருவத்தை ஒட்டிப் போகிறது. அதில் பல சிக்கல்கள். அந்த நாடுகளின் வான்வெளி அனுமதி ஒன்று. அவசரமாக இறங்க வேண்டியிருந்தால் வழியில் தகுந்த விமான நிலையம் வேண்டும் என்பது இன்னொன்று. ஜெட் ஏ-1 எரிபொருள் பூஜ்யத்துக்குக் கீழே 47 டிகிரியில் உறையத் தொடங்கும் என்பதால் துருவப் பகுதியின் நீண்ட குளிரில் அதன் வெப்பநிலையைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பசிபிக் வழியில் இந்தத் தலைவலிகள் குறைவு, கூடவே காற்றும் தோள் கொடுக்கிறது. ஜப்பானைத் தாண்டி மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்ற உயர்மட்டக் காற்றோட்டம் ஓடுகிறது. குளிர்காலத்தில் மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டும் நாட்களும் உண்டு. வழி முழுக்க அது கிடைக்காது. சராசரியாக 80 கி.மீ. பின்காற்று கிடைத்தாலே போதும்: 16,700-ஐ 980-ஆல் வகுத்தால் 17 மணி 2 நிமிடம். காற்றே இல்லாமல் துருவ வழியில் போனால் 17 மணி 3 நிமிடம். 1,350 கி.மீ. சுற்றியும் நேரம் கூடவில்லை.

2018-இல் முதல் விமானம் 17 மணி 52 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது.

திரும்பி வரும்போது எதிர்க்காற்றில் மாட்டிக்கொள்ளாதா?

இங்கேதான் நியூயார்க்கின் இருப்பிடம் கைகொடுக்கிறது. எதிர்ப்பக்க நகரம் என்பதால் கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் பெரிய வித்தியாசம் இல்லை. போகும்போது பசிபிக்கின் மேல் கிழக்கு நோக்கிப் போன விமானம், திரும்பும்போதும் கிழக்கு நோக்கியே அட்லாண்டிக், ஐரோப்பா, ஆசியா வழியாக வரலாம். பல நாட்களில் அப்படித்தான் வருகிறது. போய்த் திரும்பினால் உலகத்தை ஒரு சுற்று சுற்றியாயிற்று. பாதையை அன்றன்றைய காற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். எனவே போக வர இரண்டுக்கும் அட்டவணை நேரம் பதினெட்டரை முதல் 19 மணி நேரத்துக்குள் நெருக்கமாக இருக்கும்.

சான் பிரான்சிஸ்கோவுக்கு இந்தச் சலுகை இல்லை. 13,590 கி.மீ. போக 15 மணி நேரத்தை ஒட்டி ஆகும். திரும்ப அதே பசிபிக்கை எதிர்க்காற்றில்தான் கடக்க வேண்டும் என்பதால் ஒன்றரை மணியிலிருந்து இரண்டரை மணி வரை கூடும். குளிர்காலத்தில் வித்தியாசம் அதிகம்.

சென்னைக்கு, திருச்சிக்கு, மதுரைக்கு, கோயம்புத்தூருக்கு?

சென்னை 2,920 கி.மீ., திருச்சி 2,980, மதுரை 3,010, கோயம்புத்தூர் 3,160. எல்லாமே ஏறக்குறைய. டிக்கெட்டில் 4 மணி நேரத்திலிருந்து நாலரை வரை பார்ப்பீர்கள்.

திருச்சி தெற்கே இருப்பதால் சென்னையைவிடப் பக்கம் என்று நினைப்பவர்கள் நிறைய. அப்படி இல்லை. சிங்கப்பூரிலிருந்து தமிழ்நாடு வடக்கே இருப்பதைவிட அதிகமாக மேற்கே இருக்கிறது. திருச்சி சென்னைக்குத் தெற்கே மட்டுமல்ல, ஒன்றரை பாகை மேற்கேயும் தள்ளி இருக்கிறது. தெற்கே இருப்பதால் மிச்சமாகும் தூரத்தை அந்த மேற்குத் தள்ளல் தின்றுவிடுகிறது.

விமானத்தின் வகையும் நேரத்தை மாற்றும். ஏ320, போயிங் 737 போன்ற ஒற்றை நடைபாதை விமானங்கள் ஒலியின் வேகத்தில் 0.78 பங்கு, அதாவது மணிக்கு 830 கி.மீ. போகும். சென்னைக்கு வானில் 3 மணி 31 நிமிடம். ஏ350 அல்லது 787 என்றால் 3 மணி 15 நிமிடம். இந்தக் கால் மணி நேரத்துக்காகக் கூடுதல் காசு கொடுப்பது வீண். அகலமான விமானத்தில் கால் நீட்ட இடம் கிடைக்கிறது என்பதற்காகக் கொடுத்தால் அது வேறு விஷயம்.

பருவமும் பார்க்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை, கீழே தென்மேற்குப் பருவக்காற்று வீசிக்கொண்டிருக்கும்போது, மேலே அதற்கு நேர் எதிராகக் கிழக்கிலிருந்து ஓர் உயர்மட்டக் காற்றோட்டம் தென்னிந்தியாவின் மேல் ஓடுகிறது. அதனால் அந்த மாதங்களில் ஊருக்குப் போவது வேகம், திரும்புவது மெதுவு. மணிக்கு 60 கி.மீ. காற்று என்று வைத்துக்கொள்வோம். ஏ320 போக 3 மணி 17 நிமிடம், வர 3 மணி 48 நிமிடம். அரை மணி நேர வித்தியாசம். கீழே வீசும் காற்றின் திசையை வைத்து ஊகித்தால் விடை தலைகீழாக வரும்.

அக்டோபர், நவம்பர், டிசம்பரில் தொல்லை வேறு. வங்கக் கடலில் இடிமேகக் கூட்டங்களைச் சுற்றிப் போனால் 5 முதல் 10 நிமிடம் கூடும், அது பெரிதில்லை. சென்னைக்கு அருகில் புயல் வந்தால்தான் கஷ்டம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் நாட்கணக்கில் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் மூடினார்கள். தீபாவளிக்கோ டிசம்பர் பள்ளி விடுமுறைக்கோ ஊருக்குப் போய், திரும்பிய மறுநாள் காலையே வேலை என்று திட்டம் போடாமல் ஒரு நாள் இடைவெளி விடுங்கள்.

தூரத்தை நானே கணக்கிட முடியுமா?

முடியும். எளிய வழி கூகுள் மேப்ஸ். கணினியில் ஓர் இடத்தில் வலது சொடுக்கு போட்டு 'தூரத்தை அளவிடு' என்பதைத் தேர்ந்து, மற்ற நகரத்தைச் சொடுக்கினால் உருண்டைத் தூரத்தையே தரும். கிரேட் சர்க்கிள் மேப்பர் என்ற இணையதளத்தில் விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டைத் தட்டினாலும் போதும்.

கையால் போட விரும்புகிறவர்களுக்கு, கைத்தொலைபேசி கால்குலேட்டரைப் பக்கவாட்டில் திருப்பினால் சைன், கோசைன் பொத்தான்கள் வரும். சூத்திரம்: இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்கு. இரண்டு அட்சரேகைகளின் கோசைன்களையும், தீர்க்கரேகை வித்தியாசத்தின் கோசைனையும் பெருக்கு. இரண்டு விடைகளையும் கூட்டு. கூட்டுத்தொகையின் தலைகீழ்க் கோசைன் எத்தனை பாகை என்று பார்த்து 111.2-ஆல் பெருக்கு.

சாங்கி 1.36 வடக்கு, 103.99 கிழக்கு. சென்னை 12.99 வடக்கு, 80.17 கிழக்கு. தீர்க்கரேகை வித்தியாசம் 23.82. முதல் பெருக்கல்: 0.0237 × 0.2248 = 0.0053. இரண்டாவது: 0.9997 × 0.9744 × 0.9148 = 0.8912. கூட்டினால் 0.8965. அதன் தலைகீழ்க் கோசைன் 26.3 பாகை. 111.2-ஆல் பெருக்கினால் 2,925 கி.மீ. பூமி முழு உருண்டை இல்லை என்பதால் சில கிலோமீட்டர் முன்பின் இருக்கும்.

விடை அபத்தமாக வந்தால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. கால்குலேட்டர் பாகைக்குப் பதில் ரேடியனில் இருக்கும். அல்லது மேற்குத் தீர்க்கரேகைக்கு எதிர்மறைக் குறி போட மறந்திருப்பீர்கள், தெற்கு அட்சரேகைக்கும் அப்படியே. சிட்னிக்குக் கணக்குப் போடும்போது இதுதான் அதிகம் நடக்கும்.

மைல் கணக்கிலும் கவனம் வேண்டும். சாதாரண மைல் 1.609 கி.மீ., கடல் மைல் 1.852 கி.மீ. விமானிகள் பேசுவது கடல் மைலில். 15,350 கி.மீ. என்பது 9,540 சாதாரண மைல், ஆனால் 8,290 கடல் மைல்.

தூரம் தெரிந்தால் நேரத்தைத் தோராயமாகச் சொல்ல ஏதாவது வழி?

பெரிய விமானத்துக்கு 900-ஆல், சிறிய விமானத்துக்கு 830-ஆல் வகுத்து, 40 நிமிடம் கூட்டுங்கள். சென்னை: 3 மணி 31 + 40 நிமிடம் = 4 மணி 11 நிமிடம். சிட்னி 6,300 கி.மீ.: 7 மணி + 40 நிமிடம். 10,000 கி.மீ.க்கு மேல் என்றால் வகுப்பதற்கு முன் தூரத்தோடு 5 சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோலாலம்பூர் 300 கி.மீ.கூட இல்லை, ஆனால் டிக்கெட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருப்பது ஏன் என்பதும் இதிலேயே விளங்கும். 22 நிமிடப் பறப்பு, மீதி எல்லாம் ஊர்வதும் ஏறுவதும் இறங்குவதும்.

இதைவிடத் துல்லியம் வேண்டுமா? ஃபிளைட்ரேடார்24 அல்லது ஃபிளைட்அவேர் செயலியில் உங்கள் விமான எண்ணைத் தட்டி, கடந்த ஒரு வாரத்தின் உண்மையான புறப்பாடு, தரையிறங்கல் நேரங்களைப் பாருங்கள். நம் சூத்திரத்தைவிட அதுவே மேல். நான்கு மாதம் கழித்துப் பயணம் என்றால் மட்டும் இந்த வாரத்து எண் உதவாது, காற்று மாறியிருக்கும்.

பகல் 12 மணிக்குக் கிளம்பி அதே நாள் மாலை நியூயார்க்கா? எப்படி?

நேர வித்தியாசம்தான். சிங்கப்பூர் உலக நேரத்தைவிட 8 மணி நேரம் முன்னால். நியூயார்க் குளிர்காலத்தில் 5 மணி நேரம் பின்னால், கோடையில் 4 மணி நேரம் பின்னால். ஆக நாம் 13 அல்லது 12 மணி நேரம் முன்னால்.

எந்தப் பயணத்துக்கும் குழப்பமில்லாத முறை ஒன்றுதான். கிளம்பும் நேரத்தை முதலில் போய்ச்சேரும் ஊரின் நேரத்துக்கு மாற்றுங்கள், பிறகு பறக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். ஜனவரியில் சாங்கியில் பகல் 12 மணி என்றால் நியூயார்க்கில் முந்தைய நாள் இரவு 11. அதோடு பதினெட்டரை மணி நேரம் கூட்டினால் அதே தேதி மாலை ஐந்தரை. ஜூலையில் ஆறரை.

திரும்பும்போது தேதிதான் காலை வாரும். ஜனவரியில் நியூயார்க்கில் இரவு 10:30-க்குக் கிளம்பினால் சிங்கப்பூரில் மறுநாள் காலை 11:30. அதோடு 18 மணி 50 நிமிடம் கூட்டினால் அதற்கும் மறுநாள் காலை 6:20. டிக்கெட்டில் நேரத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் '+2' என்று இருக்கும், அதைப் பார்க்காமல் விடுவோர் பலர். வெள்ளி இரவு ஏறினால் ஞாயிறு காலைதான் வீடு.

சென்னைக்கு இரண்டரை மணி நேரம் கழிக்க வேண்டும். காலை 8-க்குக் கிளம்பி 4 மணி 10 நிமிடம் பறந்தால் சென்னையில் 9:40. டிக்கெட்டை மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கும் குறைவான பயணம் போலத் தெரியும். இரவு 11:15-க்கு அங்கே கிளம்பினால் இங்கே விடியற்காலை 6 மணி. அது ஆறே முக்கால் மணி நேரம் போலத் தெரியும். 1982-இல் சிங்கப்பூர் கடிகாரத்தை அரை மணி முன்னால் நகர்த்தும் வரை இந்த வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான்.

சிங்கப்பூரும் இந்தியாவும் கடிகாரத்தைக் கோடைக்காக மாற்றுவதில்லை. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும், பிரிட்டனில் மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும். அந்த வாரங்களில் பயணம் இருந்தால் அட்டவணையை மீண்டும் ஒருமுறை பாருங்கள்.

லண்டனுக்கு?

ஹீத்ரோவுக்கு 10,880 கி.மீ. போக ஏறக்குறைய 14 மணி நேரம், வர 13. மேற்கே போவது எதிர்க்காற்று என்பதால் இந்த ஒரு மணி நேரம். ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கம் ஏதாவது வான்வெளி மூடப்பட்டால் சுற்றுவழி பிடிக்கும். வான்வெளி எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஹெல்சிங்கி–தோக்கியோ பாதையைப் பாருங்கள்: 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடியதும் ஒன்பதரை மணி நேரம் 13-ஆகிவிட்டது.

இந்தப் பாதையில் ஒரு காலத்தில் 9 மணி நேரப் பயணமும் இருந்தது. 1977 டிசம்பரில் பிரிட்டிஷ் ஏர்வேஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் சேர்ந்து பஹ்ரைன் வழியாக கான்கார்டை விட்டன. விமானத்தின் ஒரு பக்கம் பிரிட்டிஷ் நிறம், மறுபக்கம் நம்முடையது. மலாக்கா நீரிணையின் மேல் ஒலியை மிஞ்சிப் பறப்பதை மலேசியா எதிர்த்ததால் சில பயணங்களோடு நின்றது. 1979-இல் மறுபடி தொடங்கி 1980 நவம்பரில் முடிந்தது.

நியூயார்க் இடைநில்லா விமானத்தில் எக்கானமி இருக்கிறதா?

இல்லை. ஏ350-900யூஎல்ஆர் என்ற நெடுந்தூர வகை அது. பிசினஸ் 67, பிரீமியம் எக்கானமி 94, மொத்தம் 161 இருக்கைகள். இதே நிறுவனத்தின் சாதாரண நெடுந்தூர ஏ350-இல் 253.

ஏன் என்றால் எடை. இந்த வகை 1,65,000 லிட்டர் வரை எரிபொருள் ஏற்றும், ஏறக்குறைய 130 டன். புறப்படும்போது விமானத்தின் உச்ச எடையே 280 டன்தான். எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் செலவாகும் தூரம் இது, ஆளையும் சரக்கையும் குறைத்துத்தான் பறக்க முடியும். முன்பு 2004 முதல் 2013 வரை நான்கு எஞ்சின் ஏ340-500 இதே நூவர்க் சேவையை நடத்தியது. அது எரிபொருளைக் குடித்த குடியில் கட்டுப்படியாகாமல் நிறுத்தினார்கள்.

எக்கானமியில் போக வேண்டும் என்றால் பிராங்ஃபர்ட்டில் நின்று போகும் விமானம் இருக்கிறது. அல்லது சான் பிரான்சிஸ்கோ வரை இடைநில்லாமல் போய் அங்கே மாறலாம். முதல் வழியை நாங்கள் சொல்வோம், குடும்பமாகப் போகிறவர்களுக்குக் குறிப்பாக. காரணம் கீழே.

டைரக்ட், நான்-ஸ்டாப் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. நான்-ஸ்டாப் என்றால் நடுவில் இறங்காது. டைரக்ட் என்றால் விமான எண் மாறாது, அவ்வளவுதான், நடுவில் இறங்கலாம். பிராங்ஃபர்ட் வழிப் பயணம் அந்த வகை, மொத்தம் ஒரு நாள் பொழுது ஆகும். முன்பதிவுப் பக்கத்தில் '0 நிறுத்தம்' என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

அமெரிக்காவில் விமானம் மாற எவ்வளவு நேரம் விட வேண்டும்?

ஒரே முன்பதிவு என்றால் 3 மணி நேரம், தனித்தனி டிக்கெட் என்றால் 5. அமெரிக்காவில் எந்த ஊரில் முதலில் இறங்குகிறீர்களோ அங்கேயே குடிநுழைவும் சுங்கமும் முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடி ஒப்படைத்து, பாதுகாப்புச் சோதனையில் மறுபடி நிற்க வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் மாறினால் இத்தனையும் பாதி வழியில், தூக்கக் கலக்கத்தில். பிராங்ஃபர்ட் வழி போனால் கடைசி ஊரில்தான். நியூயார்க்கில் இறங்கிய பின் வேறு ஊருக்கு உள்நாட்டு விமானம் என்றால், அது கென்னடியிலிருந்தா, அந்நகரின் இன்னொரு விமான நிலையமான லகார்டியாவிலிருந்தா என்று பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் சாலைப் பயணம்.

திருச்சியிலிருந்து உறவினரை ஒரு டிக்கெட்டிலும், சாங்கியிலிருந்து அமெரிக்காவுக்கு வேறு டிக்கெட்டிலும் அனுப்புகிறவர்கள் உண்டு. பெட்டி நேராகப் போகாது. அதை எடுக்க அவர் சிங்கப்பூருக்குள் நுழைய வேண்டும், இந்தியக் கடப்பிதழ் என்றால் விசா கேள்வியும் வரும். வயதானவர்களுக்குச் சில நூறு வெள்ளி கூடப் போனாலும் ஒரே முன்பதிவாகப் போட்டுவிடுங்கள்.

செயலியில் 'தரையிறங்கியது' என்று காட்டுகிறது. அம்மாவை அழைக்க எப்போது போய் நிற்க வேண்டும்?

அந்தச் சொல் சக்கரம் தரையைத் தொட்டதைக் குறிக்கிறது. முனையத்துக்கு ஊர்ந்து வர 10 நிமிடம், கதவு திறந்து நடந்து, குடிநுழைவு, பெட்டி. 40 முதல் 60 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலி கேட்டிருந்தால் இன்னும் கூட, அவர்களைக் கடைசியாகத்தான் இறக்குவார்கள். வாகனத்தோடு வருகிறவர்கள் 'தரையிறங்கியது' வந்த பிறகு வீட்டிலிருந்து கிளம்பினாலே சரியாக இருக்கும், ஜூரோங்கில் இருந்தாலும்கூட.

விமானம் தாமதமானால் இழப்பீடு தூரத்தைப் பொறுத்ததா?

ஐரோப்பிய ஒன்றிய விதியில் ஆம். அங்கிருந்து புறப்படும் எந்த நிறுவன விமானத்துக்கும், அங்கே போகும் ஐரோப்பிய நிறுவன விமானத்துக்கும் அது பொருந்தும். சிங்கப்பூர்–ஐரோப்பா 3,500 கி.மீ.யைத் தாண்டுவதால் மேல் படியான 600 யூரோ வரை கேட்கலாம். தூரம் என்பது உருண்டைத் தூரம்தான், பறந்த தூரம் இல்லை. புயல், வான்வெளி மூடல் போன்ற நிறுவனத்தின் கையை மீறிய காரணங்களுக்குக் கிடைக்காது. சாங்கியிலிருந்து பிராங்ஃபர்ட்டுக்கு சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் போனால் பொருந்தாது, அங்கிருந்து அதே நிறுவனத்தில் திரும்பினால் பொருந்தும்.

இதைவிடத் தூரமான ஊர் உண்டா?

உண்டு. பூமியில் எந்த இரண்டு இடங்களுக்கும் இடையே அதிகபட்சம் ஏறத்தாழ 20,000 கி.மீ. சிங்கப்பூரின் நேர் எதிர்ப்புள்ளி எக்குவடோர் நாட்டின் கிழக்கே, அமேசான் காட்டுக்குள் இருக்கிறது. அந்நாட்டின் தலைநகர் கீட்டோ 19,700 கி.மீ. இடைநில்லாமல் அங்கே போக இன்று வழி இல்லை.

டிக்கெட்டில் 12:00 என்றால் 11:50-க்கு வாயிலில் இருந்தால் போதுமா?

போதாது. 12:00 என்பது கதவு மூடி, விமானம் பின்னோக்கி நகரும் நேரம். வாயிலை அதற்கு 10 நிமிடமாவது முன்பே மூடிவிடுவார்கள், சில நிறுவனங்கள் இன்னும் முன்னதாகவே. சாங்கியில் முனையம் 1, 2, 3-இல் பைச் சோதனை வாயிலிலேயே நடக்கிறது, அந்த வரிசைக்கும் நேரம் விடுங்கள். முனையம் 4-இல் சோதனை முன்பக்கத்திலேயே மொத்தமாக முடிந்துவிடும். வாயிலில் சோதனை என்பதால் வெளியே வாங்கிய தண்ணீர்ப் போத்தலை உள்ளே விடமாட்டார்கள். காலிப் போத்தலோடு போய் உள்ளே இருக்கும் குடிநீர்க் குழாயில் பிடித்துக்கொள்ளுங்கள். பதினெட்டு மணி நேரத்துக்குக் குவளைக் கணக்கில் வரும் தண்ணீர் காணாது.